பரவலா, ரத்தக்குழாயா? ஸ்கேனில் புற்றுநோய் போலத் தெரியும் அரிய ரத்தக்குழாய் மாறுபாடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோய் இருப்பவரின் ஸ்கேனில் புதிதாக ஒரு புள்ளி தெரிந்தால் முதலில் பரவலைத்தான், அதாவது புற்று வேறு இடத்துக்குப் பரவியிருப்பதைத்தான், சந்தேகிப்பார்கள். பல நேரம் அந்தச் சந்தேகம் சரியாகவும் இருக்கும். ஆனால் அந்தப் புள்ளி, பிறவியிலேயே கோணலாக அமைந்த ரத்தக்குழாயாகவோ, ரத்தம் தேங்கிய பஞ்சு போன்ற முடிச்சாகவோ, ரத்தம் வழி மாறி ஓடியதால் உண்டான தோற்றமாகவோ இருந்துவிடலாம். அப்போது இரண்டாம் நிலை நோயாளி நான்காம் நிலை என்று எழுதப்படுவார். குணப்படுத்தக்கூடிய அறுவை சிகிச்சை கைவிடப்படும், அல்லது ஊசி போடக் கூடாத இடத்தில் பயாப்சிக்காக (திசு எடுக்க) ஊசி போடப்படும். இந்தப் பக்கம் நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் ஆனது. உங்கள் படத்தைப் பார்த்த மருத்துவர் சொல்வதற்கு இது மாற்று இல்லை. அவரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள உதவும்.

ரத்தக்குழாய் எப்படிக் கட்டி போலத் தெரிகிறது?

சி.டி. ஸ்கேன் உடலைக் குறுக்குத் துண்டுகளாகக் காட்டுகிறது. நீளமான கயிற்றைக் குறுக்கே வெட்டினால் வட்டம்தான் தெரியும். ரத்தக்குழாயும் அப்படித்தான். ஒரே ஒரு துண்டை மட்டும் பார்த்தால், ஒரு சென்டிமீட்டர் சிரைக்கும் ஒரு சென்டிமீட்டர் நிணநீர்க் கணுவுக்கும் வித்தியாசம் தெரியாது. மேலும் கீழும் உள்ள துண்டுகளில் தொடர்ந்து பார்த்தால் ரத்தக்குழாய் நீண்டு போகும், கணு முடிந்துவிடும்.

இரண்டாவது காரணம், படத்தில் ரத்தம் ஓடும் இடங்களைப் பளிச்சென்று காட்டச் சிரையில் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்து. புற்றுக்கட்டிகள் தமக்கென்று புது ரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்வதால் மருந்து ஏறியதும் பளிச்சென்று தெரியும். ரத்தக்குழாய்க் கோளாறுகளும் அதே காரணத்தால் பளிச்சிடும். மருந்து செலுத்திய பின் ஒரே ஒரு கட்டத்தில் (நேரத்தில்) எடுத்த படத்தில் இரண்டையும் பிரிப்பது கடினம்.

மூன்றாவது வகைதான் அதிகம் ஏமாற்றுவது. அங்கே கட்டியும் இருக்காது, கோளாறான குழாயும் இருக்காது. வேறெங்கோ ஒரு சிரை அடைபட்டதால் ரத்தம் மாற்றுப் பாதையில் வந்து சேர, இயல்பான திசு மட்டும் பளிச்சிடும்.

நுரையீரலில் வட்ட முடிச்சு. அது எப்போது ரத்தக்குழாயாக இருக்கலாம்?

நுரையீரல் தமனியும் நுரையீரல் சிரையும் இடையில் நுண்குழாய்கள் இல்லாமல் நேரடியாகப் பிணைந்துவிடுவது உண்டு. இதைத் தமனி–சிரைப் பிணைப்பு என்கிறோம். இது பெரும்பாலும் கீழ் மடல்களில், விளிம்பு தெளிவான வட்ட முடிச்சாகத் தெரியும். பல இடங்களில் இருந்தால் பரவல் என்ற எண்ணம் இன்னும் வலுத்துவிடும்.

பிரித்தறியும் வழி எளிது, ஆனால் மெல்லிய துண்டுகள் வேண்டும். முடிச்சுக்குள் ஒரு குழாய் நுழைவதும் இன்னொன்று வெளியேறி இதயத்தின் இடப்பக்கம் நோக்கிப் போவதும் தெரிந்தால் கதை முடிந்தது. 5 மில்லிமீட்டர் துண்டில் இந்த இணைப்பு மறைந்துவிடலாம். 1 மில்லிமீட்டர் அளவுத் துண்டில் தெரியும். இதற்குக் கான்ட்ராஸ்ட் மருந்துகூடத் தேவையில்லை, ஏனென்றால் காற்று நிறைந்த நுரையீரலே குழாயை எடுத்துக்காட்டிவிடும்.

சந்தேகம் நீடித்தால் குமிழி எக்கோ என்ற இதய அல்ட்ராசவுண்ட் செய்யலாம். உப்புக் கரைசலைக் குலுக்கி, அதில் உண்டாகும் நுண்குமிழிகளைக் கைச்சிரையில் செலுத்துவார்கள். சாதாரணமாக நுரையீரல் அந்தக் குமிழிகளை வடிகட்டிவிடும். அவை 3 முதல் 8 இதயத்துடிப்புகளுக்குப் பிறகு இடப்பக்க இதயத்தில் தோன்றினால், வடிகட்டியில் ஓட்டை நுரையீரலில் இருக்கிறது. மூன்று துடிப்புக்குள்ளேயே தோன்றினால், ஓட்டை பெரும்பாலும் இதயச் சுவரில்தான்.

குடும்ப வரலாறும் முக்கியம். நுரையீரல் தமனி–சிரைப் பிணைப்பு உள்ளவர்களில் 80 முதல் 90 சதவீதம் பேருக்கு அடிப்படையில் பரம்பரை ரத்தக்கசிவு நுண்குழாய் விரிவு நோய் இருக்கும். ஆஸ்லர்–வெபர்–ரெண்டு என்றும் இதற்குப் பெயர். சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு வரும். இதைக் கண்டறிய 2000இல் வெளியான குராசோ அளவுகோல் நான்கு கேள்விகளைக் கேட்கிறது: அடிக்கடி தானாக மூக்கில் ரத்தம் வடிகிறதா, உதட்டிலும் நாக்கிலும் விரல் நுனியிலும் சிவந்த நுண்புள்ளிகள் உண்டா, உள்ளுறுப்புகளில் இத்தகைய பிணைப்பு உண்டா, பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் யாருக்காவது இந்த நோய் உண்டா. மூன்று இருந்தால் உறுதி, இரண்டு இருந்தால் சந்தேகம். புற்றுநோய்ப் பிரிவில் மூக்கு ரத்தத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நீங்களாகச் சொல்லுங்கள்.

பரவல் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிடக் கூடாது. வடிகட்டி இல்லாத பாதை வழியே ரத்தக்கட்டியோ கிருமியோ நேரே மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தையும் மூளைச் சீழ்க்கட்டியையும் உண்டாக்கலாம். ஊட்டும் தமனி 2–3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால், வடிகுழாய் வழியாகச் சென்று சுருள் அல்லது அடைப்பான் வைத்து மூடுவது வழக்கம். பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் தேவைப்படும். சிரை வழியே மருந்து ஏற்றும்போது காற்றுக் குமிழி உள்ளே போகாதபடி வடிகட்டி பொருத்தச் சொல்ல வேண்டும். கீமோ எடுக்கும் நோயாளிக்கு அடிக்கடி சிரையில் ஊசி ஏறுகிறது என்பதால் இந்தக் கடைசிக் குறிப்பு சாதாரண விஷயமல்ல.

கல்லீரலில் பல புள்ளிகள் என்று ரிப்போர்ட் சொல்கிறது. எல்லாமே பரவலா?

கல்லீரல் பரவலுக்குப் பேர்போன உறுப்பு. அதே கல்லீரலில்தான் ஹீமாஞ்சியோமா என்ற தீங்கற்ற ரத்தக்குழாய் முடிச்சும் மிக அதிகம். இரண்டும் ஒரே நோயாளியிடம், அடுத்தடுத்துக்கூட இருக்கலாம்.

பெரிய ஹீமாஞ்சியோமா மூன்று கட்ட ஸ்கேனில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மருந்து செலுத்தி சுமார் 30–35 நொடியில் எடுக்கும் தமனிக் கட்டத்தில், ஓரங்களில் மட்டும் விட்டுவிட்டு முடிச்சுகள் பளிச்சிடும். சுமார் 70 நொடியில் எடுக்கும் சிரைக் கட்டத்தில் அவை உள்நோக்கி விரியும். சில நிமிடங்கள் கழித்து எடுத்தால் நடுப்பகுதியும் நிரம்பியிருக்கும். மிக முக்கியமானது, ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் பளிச்சுப் பகுதியின் அடர்த்தி பக்கத்திலுள்ள ரத்தக்குழாயின் அடர்த்தியோடு ஒத்துப்போவது. பரவலில் பெரும்பாலும் ஓரம் முழு வளையமாக ஒளிரும், பிறகு மருந்து வெளியேறிவிடும்.

சிக்கல் சிறியவற்றில். ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் ஹீமாஞ்சியோமா தமனிக் கட்டத்திலேயே ஒரேயடியாக நிரம்பிவிடும். சிறுநீரகப் புற்றுநோய், நியூரோஎண்டோக்ரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களில் உண்டாவது) ஆகியவற்றின் பரவலும் அப்படியே நடந்துகொள்ளும். இங்கே எம்.ஆர்.ஐ.யில் நீரை வெண்மையாகக் காட்டும் டி2 படவகை உதவும். ஹீமாஞ்சியோமா அதில் மிக வெண்மையாக இருக்கும், தாமதக் கட்டத்திலும் ரத்தக்குழாய்களைப் போலவே பளிச்சென்று நிற்கும். பரவல் அவ்வளவு வெண்மையாக இருப்பது குறைவு. நியூரோஎண்டோக்ரைன் பரவல் இங்கேயும் ஏமாற்றக்கூடும் என்பதால் ஒரே அடையாளத்தை வைத்து முடிவெடுப்பதில்லை.

ஃபால்சிஃபார்ம் நாண் கல்லீரலை முன்வயிற்றுச் சுவரோடு இணைக்கிறது. அதற்கு அருகிலும், பித்தப்பையைச் சுற்றியும், கல்லீரலின் நான்காம் கூறின் பின்பக்கத்திலும், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையைச் சேராத சிறு சிரைகள் தனியாக ரத்தம் கொண்டுவரும். அந்தப் பகுதியில் கான்ட்ராஸ்ட் ஏறும் நேரமும் கொழுப்பின் அளவும் மற்ற இடத்திலிருந்து மாறுபடும். விளைவு, கட்டி போல ஒரு நிழல். வழக்கமான இடம், ஆப்பு போன்ற வடிவம், உள்ளே ஓடும் குழாய்கள் தள்ளப்படாமல் நேராகக் கடந்து போவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது நிழல்தான்.

குடல் புற்றுநோய்க்கு ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து எடுத்தவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. இந்த மருந்து கல்லீரலின் நுண்குழாய்களைச் சேதப்படுத்தும். ரத்த ஓட்டம் சீரற்றுப்போன இடங்களில், சிகிச்சை முடிந்து மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, தீங்கற்ற முடிச்சுகள் புதிதாக முளைக்கும். அவை புதியவை, பல, தமனிக் கட்டத்தில் பளிச்சிடுபவை. குடல் புற்றுநோய் கல்லீரலுக்குத்தான் முதலில் பரவும் என்று எல்லாருக்கும் தெரியும். தவறு நடக்க இதைவிட வசதியான சூழல் கிடையாது. இங்கே கைகொடுப்பது காடாக்ஸெட்டிக் அமிலம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. உயிருள்ள கல்லீரல் செல்கள் அந்த மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். 20 நிமிடம் கழித்து எடுத்த படத்தில் இந்த முடிச்சுகள் வெளுத்தோ, வெளுத்த வளையமாகவோ தெரியும். கல்லீரல் செல் இல்லாத பரவல் கறுப்பாகத் தெரியும்.

பெலியோசிஸ் என்ற அரிய நிலையும் உண்டு. கல்லீரலுக்குள் ரத்தம் நிரம்பிய சிறு குழிகள் உண்டாகும். ஆண்மை ஹார்மோன் ஊசிகள், கருத்தடை மாத்திரைகள், நோயெதிர்ப்புக் குறைந்தவர்களுக்கு பார்ட்டோனெல்லா கிருமி ஆகியவை தெரிந்த காரணங்கள். இதில் பயாப்சி ஊசி கடும் ரத்தப்போக்கை வரவழைக்கலாம். எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை மறைக்காமல் சொல்லச் சொல்வது இதற்காகத்தான்.

முதுகெலும்பில் ஹீமாஞ்சியோமா என்கிறார் ஒருவர், பரவல் என்கிறார் இன்னொருவர். ஏன்?

முதுகெலும்பு ஹீமாஞ்சியோமா சாதாரணமானது. பிணப் பரிசோதனைகளில் சுமார் 10 சதவீதம் பேரிடம் காணப்பட்டிருக்கிறது. அதில் கொழுப்பு அதிகமாக இருந்தால் எம்.ஆர்.ஐ.யின் டி1 படத்தில் வெளுத்துத் தெரியும். யாருக்கும் சந்தேகம் வராது. கொழுப்புக் குறைந்து குழாய்கள் அதிகமாக இருக்கும் வகைதான் தகராறு. அது டி1இல் கறுப்பாகவும் டி2இல் வெளுப்பாகவும் தெரியும். பரவலும் அப்படித்தான்.

எம்.ஆர்.ஐ.யோடு நின்றுவிடாமல் அதே எலும்பை மெல்லிய துண்டு சி.டி.யில் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமாஞ்சியோமாவில் எஞ்சிய எலும்புத் தூண்கள் தடித்து நிற்கும். குறுக்கே பார்த்தால் புள்ளி புள்ளியாகவும், பக்கவாட்டில் பார்த்தால் நெடுக்குக் கோடுகளாகவும் தெரியும். பரவல் அந்தத் தூண்களை அரித்துவிடும். எம்.ஆர்.ஐ.யிலேயே கொழுப்பையும் நீரையும் பிரித்துக் காட்டும் டிக்ஸன் முறையும் உண்டு. முடிச்சுக்குள் கொஞ்சமாவது கொழுப்பு கலந்திருப்பது தெரிந்தால் பரவலின் வாய்ப்பு நன்றாகக் குறையும். புற்றுச் செல்கள் எலும்பு மஜ்ஜையின் கொழுப்பை வெளியேற்றிவிட்டே குடியேறுகின்றன.

கழுத்தெலும்பில் இன்னொரு ஏமாற்று. வளைந்து சுருண்ட முதுகெலும்புத் தமனி, துடித்துத் துடித்தே எலும்பின் பக்கவாட்டை அரித்துக் குழியாக்கிவிடும். சாதாரண சி.டி.யில் எலும்பு தின்னப்பட்டது போல இருக்கும். குழிக்குள் இருப்பது தமனி என்பது ஆஞ்சியோகிராமில் தெரியும். இந்த இடத்தில் ஊசி போட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

போன ஸ்கேனில் இருந்த எலும்புப் பரவல் இந்த ஸ்கேனில் காணாமல் போய்விட்டது. சிகிச்சை வேலை செய்ததா?

செய்திருக்கலாம். ஆனால் எந்தக் கையில் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டார்கள் என்று முதலில் பாருங்கள்.

கீமோ போர்ட்டோ (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் கருவி) நீண்ட கால வடிகுழாயோ வைத்தவர்களுக்கு மார்புப் பகுதிச் சிரைகள் அடைபடுவது உண்டு. மார்பில் உள்ள கட்டியும், மேலுடல் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் மேற்பெருஞ்சிரையை நெருக்கலாம். அடைப்பு இருக்கும் பக்கத்துக் கையில் கான்ட்ராஸ்ட் செலுத்தினால், அது இதயத்துக்குப் போக முடியாமல் பின்வாங்கி, முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைப் பின்னலுக்குள் புகுந்து எலும்புக்கு உள்ளேயே தேங்கும். படத்தில் அடர்வெண்மையாக, கெட்டிப்பட்ட பரவல் போலத் தெரியும். பெரும்பாலும் கழுத்தின் அடிப்பகுதி, மேல்மார்பு எலும்புகளில்தான் இது நடக்கும். அடுத்த முறை மறு கையில் ஊசி போட்டால் ஒன்றும் இருக்காது.

இந்தச் சிரைப் பின்னலுக்கு வால்வுகள் இல்லை. 1940இல் ஆஸ்கர் பேட்சன் இதை விவரித்தார். இடுப்புப் பகுதிப் புற்றுநோய் முதுகெலும்புக்கு ஏறுவதற்கு அவர் காட்டிய பாதையும் இதுதான். உண்மையான பரவலும் பொய்யான பரவலும் ஒரே வழியில் வருவதால், இடத்தை வைத்து மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது.

காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள்: பளிச்சென்ற எலும்புக்குப் பக்கத்திலேயே, தோள்பட்டையிலும் மார்புச் சுவரிலும் மருந்து நிரம்பிய பக்கச் சிரைகள் ஓடும். எலும்புக்குள் உள்ள வெண்மையின் அடர்த்தி அந்தச் சிரைகளின் அடர்த்தியை ஒத்திருக்கும். கான்ட்ராஸ்ட் இல்லாமல் ஒரு படம் எடுத்தால் வெண்மை மறையும். இதே அடைப்பால் கல்லீரலின் நான்காம் கூறும் பளிச்சிடலாம், ஏனென்றால் மார்புச் சுவரின் சிரைகள் தொப்புள் பகுதி வழியாக அங்கே வடிகின்றன. எலும்பில் பரவல், கல்லீரலில் பரவல் என்று ஒரே ரிப்போர்ட்டில் இரண்டு வரி எழுதப்பட்டு, இரண்டுக்கும் காரணம் ஒரு அடைபட்ட சிரைதான் என்றாகிவிடும்.

இது தெரிந்த பிறகு அடைப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும். முகம் வீங்குவது, கை வீங்குவது, குனிந்தால் மூச்சு முட்டுவது இருந்தால் உடனே சொல்லுங்கள்.

எந்த ரத்தக்குழாய்கள் நிணநீர்க் கணு போல ஏமாற்றும்?

கீழுடல் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் கீழ்ப்பெருஞ்சிரை சிலருக்கு இரண்டாக இருக்கும். இடப்பக்கச் சிரை, பெருந்தமனிக்கு அருகே வீங்கிய கணு போலத் தெரியும். விரைப் புற்றுநோயில் கணு தேடும் இடமும் அதுவே. துண்டு துண்டாகப் பின்தொடர்ந்தால் அது கீழே இடப்பக்க இடுப்புச் சிரையோடும், மேலே இடச் சிறுநீரகச் சிரையோடும் சேரும்.

கீழ்ப்பெருஞ்சிரையின் ஒரு பகுதி பிறவியிலேயே இல்லாமல், ரத்தம் முதுகெலும்பை ஒட்டி ஏறும் அசைகஸ் சிரை வழியாகப் போவதும் உண்டு. அப்போது உதரவிதானத்தின் பின்பக்கத்திலும் மூச்சுக்குழலின் வலப்பக்கத்திலும் சிரை பருத்து, கணு போலத் தெரியும்.

நிணநீர்ப் பை வேறு வகை. முதுகெலும்பின் முன்னால், உதரவிதானக் காலுக்குப் பின்னால், நீரின் அடர்த்தியோடு குழாய் வடிவில் இருக்கும். கணு அவ்வளவு நீர்த்திருக்காது. மார்பு நிணநீர்க் குழாய் கழுத்தில் முடியும் இடம் விரிந்திருந்தால், இடக் காறையெலும்புக்கு மேலே ஒரு வீக்கமாகத் தெரியும். வயிற்றுப் புற்றுநோய் பரவிய கணுவைத் தேடும் அதே இடம் அது.

விரிந்த நுரையீரல் சிரை நுரையீரல் வேரில் கணு போலவும், மண்ணீரல் தமனியின் வீக்கம் கணைய வாலில் கட்டி போலவும் தோன்றும். மருந்து ஏறாத ஸ்கேனை மட்டும் வைத்து எழுதப்பட்ட ரிப்போர்ட்டுகளில் இவை அதிகம் தப்பும்.

மூளை எம்.ஆர்.ஐ.யில் புள்ளிகள் தெரிந்தால்?

கேவர்னோமா என்பது ரத்தம் மெல்ல ஓடும் குகைகள் சேர்ந்த முடிச்சு. சுமார் 200 பேரில் ஒருவருக்கு இருக்கும். பரம்பரை வகையில் பல இருக்கும். பழைய ரத்தக்கசிவின் இரும்புக் கறை சுற்றிலும் முழு வளையமாகப் படிந்திருக்கும், எஸ்.டபிள்யூ.ஐ. என்ற படவரிசையில் அடர்கறுப்பாகத் தெரியும். மெலனோமா என்ற தோல் புற்றுநோய், சிறுநீரகப் புற்றுநோய், தைராய்டு புற்றுநோய் ஆகியவற்றின் பரவலும் மூளையில் ரத்தம் கசியும். அவற்றில் வளையம் முழுமையாக இருக்காது, சுற்றிலும் நீர்வீக்கம் அதிகமாக இருக்கும், கான்ட்ராஸ்ட் ஏறும் பகுதியும் தெரியும். புதிதாகக் கசிந்த கேவர்னோமாவைச் சுற்றியும் நீர்வீக்கம் வருவதால், சில வாரம் கழித்து மறுபடி எடுத்துத்தான் சில நேரம் முடிவு செய்ய முடியும்.

தலையில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குப் பல ஆண்டு கழித்துப் புதிதாகக் கேவர்னோமா முளைக்கலாம். "முன்பு இல்லை, இப்போது இருக்கிறது, ஆகவே பரவல்" என்ற கணக்கு அவர்களிடம் செல்லாது.

மூளைத்தண்டின் நடுப்பகுதியில் நுண்குழாய் விரிவு ஒன்று தெரியலாம். கான்ட்ராஸ்ட் படத்தில் தூரிகையால் தொட்டதுபோல மங்கலாக ஒளிரும், டி2இல் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாது, எஸ்.டபிள்யூ.ஐ.யில் கறுக்கும். எஸ்.டபிள்யூ.ஐ. எடுக்காமல் விட்டிருந்தால் அதைப் பரவல் என்று கதிர்வீச்சுக்கு அனுப்பிவிடும் ஆபத்து உண்டு. அந்த வரிசை எடுக்கப்பட்டதா என்று கேட்பது நியாயமான கேள்வி.

சிறு சிரைகள் குடைக்கம்பிகள் போலக் குவிந்து ஒரு பெரிய சிரையில் சேரும் அமைப்பும் மூளையில் சாதாரணம். அது அந்தப் பகுதியின் இயல்பான வடிகால். அதை அகற்றினால் அங்கே ரத்தம் தேங்கி மூளைத் திசு சாகும்.

பெட் ஸ்கேனில் ஒளிர்ந்தால் புற்றுநோய் உறுதிதானே?

இல்லை. பெட் ஸ்கேனில் கதிரியக்கச் சர்க்கரையைச் சிரையில் செலுத்தி, அது சேரும் இடங்களைப் பார்க்கிறார்கள். அந்த ஊசி போடும்போது சிரிஞ்சுக்குள் ரத்தத்தை இழுத்தால் நுண்ணிய ரத்தக்கட்டி உருவாகி, அதில் கதிரியக்கச் சர்க்கரை ஒட்டிக்கொண்டு நுரையீரலில் போய் அடைக்கும். பெட் படத்தில் மிகப் பிரகாசமான ஒரு புள்ளி தெரியும். அதே இடத்து சி.டி.யில் ஒன்றும் இருக்காது. இந்தப் பொருத்தமின்மைதான் தடயம். அந்தச் சர்க்கரையில் உள்ள கதிரியக்க ஃப்ளூரின்-18இன் அரை ஆயுள் சுமார் 110 நிமிடம் என்பதால், மறுநாளே திரும்ப எடுத்துச் சரிபார்க்க முடியும்.

புராஸ்டேட் புற்றுநோய்க்கு எடுக்கும் பி.எஸ்.எம்.ஏ. பெட்டில் ஹீமாஞ்சியோமாவும் ஒளிரக்கூடும். முதுகெலும்பிலோ கல்லீரலிலோ ஒற்றைப் புள்ளி மங்கலாக ஒளிர்ந்தால், முடிவு சொல்லும் முன் சி.டி.யில் அந்த எலும்பின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். நியூரோஎண்டோக்ரைன் கட்டிக்கான டோட்டாடேட் பெட்டிலும் இதே நிலை.

இளம் வயதில் பல எலும்புகளில் ஓட்டை. முதன்மைக் கட்டி எங்கும் கிடைக்கவில்லை. வேறு என்ன இருக்கலாம்?

உடலில் பல இடங்களில் காணும் நிணநீர்க்குழாய்க் கோளாறு அல்லது கோர்ஹாம்–ஸ்டவுட் நோய். முதலாவதில் பல எலும்புகளில் குழிகள் இருந்தாலும் வெளி ஓடு பெரும்பாலும் நிற்கும், மண்ணீரலிலும் நீர்க்குழிகள் இருக்கும். இரண்டாவதில் எலும்பே கரைந்து மறையும். மார்புக் கூட்டில் பால் போன்ற நிணநீர் தேங்கலாம். இந்தச் சந்தேகம் இருக்கும்போது விலா எலும்பில் பயாப்சி எடுப்பதைத் தவிர்ப்பார்கள். அந்தத் துளையே நிணநீர்க் கசிவைத் தொடங்கிவைக்கும்.

சந்தேகம் என்றால் பயாப்சி எடுத்துவிட்டால் தீராதா?

பல நேரம் தீரும். முதன்முதலாகப் பரவல் என்று சொல்லும் இடத்தில் திசு ஆதாரம் கேட்பதும் நல்ல வழக்கமே. ஆனால் ரத்தக்குழாய்க் கோளாறு என்ற வாய்ப்பைப் படத்திலேயே விலக்கிவிட்டுத்தான் ஊசி எடுக்க வேண்டும். நுரையீரல் தமனி–சிரைப் பிணைப்பில் ஊசி போட்டால் கடும் ரத்தப்போக்கு வரும், காற்று மூளைக்குப் போகும் ஆபத்தும் உண்டு. கல்லீரல் ஹீமாஞ்சியோமாவில் நல்ல திசு வழியாக மெல்லிய ஊசி போவது அவ்வளவு ஆபத்தில்லை, ஆனால் பெரும்பாலும் தேவையே இருக்காது.

இன்னொன்று. ஹீமாஞ்சியோமாவிலிருந்து ஊசி பல நேரம் வெறும் ரத்தத்தைத்தான் கொண்டுவரும். நோயியல் ரிப்போர்ட் "போதிய திசு இல்லை" என்று வரும். அது "புற்று இல்லை" என்ற விடை ஆகாது, "புற்று" என்ற விடையும் ஆகாது. அந்த நிலையில் மறுபடி ஊசி போடுவதற்கு முன் படத்தை மறுபடி படிப்பது மேல்.

எதிர்த் தவறும் நடக்குமா? பரவலை ரத்தக்குழாய் என்று விட்டுவிடுவது?

நடக்கும், அதுவும் ஆபத்தானதே. சிறுநீரகம், தைராய்டு, மெலனோமா, நியூரோஎண்டோக்ரைன் கட்டி, கோரியோகார்சினோமா ஆகியவற்றின் பரவல் ரத்தம் செறிந்தது. ஆஞ்சியோசார்கோமா ரத்தக்குழாய்ச் செல்லிலிருந்தே பிறக்கும் கொடிய புற்று. எபிதீலியாய்டு ஹீமாஞ்சியோஎண்டோதீலியோமா கல்லீரல், நுரையீரல், எலும்பு என்று பல இடங்களில் மெல்ல வளர்வதால், "வளரவில்லை, ஆகவே தீங்கற்றது" என்று தள்ளிவிட இடம் தரும். பெயர் ஹீமாஞ்சியோமா போல ஒலித்தாலும் இது புற்றுநோய். ஆகவே இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு "எனக்கு இருப்பது வெறும் ரத்தக்குழாய்" என்று சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

நடைமுறையில் நான் என்ன செய்ய வேண்டும்?

பழைய ஸ்கேன்களைத் தேடுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். புற்றுநோய் வருவதற்கு ஐந்து ஆண்டு முன் சிறுநீரகக் கல் வலிக்கு எடுத்த சி.டி.யில் அதே புள்ளி அதே அளவில் இருந்தால், விவாதம் பெரும்பாலும் அங்கேயே முடியும். ரிப்போர்ட் தாள் போதாது. பிலிமும் போதாது, அதில் தேர்ந்தெடுத்த சில படங்கள்தான் இருக்கும். டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்பு வடிவில் முழுப் படத்தொகுப்பை, முடிந்தால் மெல்லிய துண்டுகளோடு, டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். மெல்லிய துண்டுகளைச் சில மையங்கள் குறுகிய காலத்துக்கு மட்டுமே சேமித்து வைப்பதால், சீக்கிரம் கேட்பது நல்லது.

பிறகு மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: இந்தப் புள்ளி எந்தக் குழாயோடும் இணைந்திருக்கிறதா? எத்தனை கட்டங்களில் எடுத்தார்கள்? ஒவ்வொரு கட்டத்திலும் அதன் அடர்த்தி ரத்தக்குழாயோடு ஒத்துப்போகிறதா? எந்தக் கையில் ஊசி, பக்கச் சிரைகள் தெரிகின்றனவா? என் புற்றுநோய் வழக்கமாகப் பரவும் இடமா இது? இது பரவல் இல்லை என்றால் சிகிச்சை மாறுமா? கடைசிக் கேள்விக்கு "மாறாது" என்பது பதிலானால் கூடுதல் பரிசோதனையே வேண்டாம். "மாறும்" என்றால், அந்த உறுப்பில் அனுபவமுள்ள இன்னொரு ரேடியாலஜிஸ்ட் படிக்க வேண்டும், பல துறை மருத்துவர்கள் கூடும் கட்டிக் குழுவில் வைக்க வேண்டும்.

அடுத்த ஸ்கேனுக்கு முன் சிறுநீரக ரத்தப் பரிசோதனை, ஒவ்வாமை விவரம், போர்ட் எந்தப் பக்கம், உடலில் உலோகக் கருவி உண்டா ஆகியவற்றை எழுதிக் கொண்டுபோங்கள்.

காத்திருந்து மறுபடி ஸ்கேன் எடுக்கலாம் என்கிறார்கள். அதற்குள் பரவிவிடாதா?

இந்த அச்சம் இயல்பானது. இடைவெளி, புற்றுநோயின் வேகத்தைப் பொறுத்தது. பொதுவாக 6 முதல் 12 வாரம். முதன்மைக் கட்டிக்கான சிகிச்சை அந்த இடைவெளியிலும் நடக்கலாம், அதை நிறுத்திவைக்கத் தேவையில்லை. சிகிச்சையே ஒரு சோதனையாகவும் அமையும். மற்ற புள்ளிகள் எல்லாம் சுருங்கி, ஒன்று மட்டும் அசையாமல் இருந்தால் அது வேறு வகையாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் சில புற்று முடிச்சுகளும் மருந்துக்குப் பணியாது. ஒப்பிடும் ஸ்கேன் அதே முறையில், அதே கட்டங்களில், அதே துண்டு அளவில் எடுக்கப்பட வேண்டும். ஒருமுறை தமனிக் கட்டம், அடுத்த முறை சிரைக் கட்டம் என்று எடுத்து "புதிதாக வந்திருக்கிறது" என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு.

பரவல் இல்லை என்று முடிவானது. பிறகு?

பழைய ரிப்போர்ட்டுக்குத் திருத்தக் குறிப்பு எழுதி வாங்குங்கள். வாய்மொழி போதாது. நோய் நிலை மாறினால் அதைப் புற்றுநோய் மருத்துவரின் கோப்பிலும், காப்பீட்டுத் தாள்களிலும் மாற்ற வேண்டும். புள்ளியின் இடம், அளவு, எந்த ஸ்கேனில் எந்த அடையாளத்தால் உறுதியானது, எந்தத் தேதி ஆகியவற்றை இரண்டு வரியில் எழுதி, இனி எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேன் விண்ணப்பத்தோடும் இணையுங்கள். உதாரணமாக: "கல்லீரல் 7ஆம் கூறு, 14 மி.மீ., ஹீமாஞ்சியோமா, எம்.ஆர்.ஐ.யில் உறுதி." இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு வேறொரு மையத்தில், வேறொருவர் அதே புள்ளியைப் புதிதாகக் கண்டுபிடிப்பார். நுரையீரல் தமனி–சிரைப் பிணைப்பு உறுதியானவர்கள் அந்தத் தாளிலேயே காற்று வடிகட்டி, பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் ஆகிய இரண்டையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். பரம்பரை நோய் தெரியவந்தால் பிள்ளைகளும் உடன்பிறந்தோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.